டிபி/டிபி எலிக்கு வயசானா ரத்தக் கொழுப்பு ஏறுமா, இறங்குமா?

ஊதாமூடி · பிப்ரவரி 4, காலை 10:12

டிபி/டிபி எலிகளில் (பிறழ்வால் பருமனும் சர்க்கரை நோயும் தானாக வரும் ஆய்வக எலி) 8, 16, 24 வாரம் என்று மூன்று வயதில் எடுத்த ப்ளாஸ்மா கணக்கு கையில் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் மூன்றிலும் கன்ட்ரோலைவிட மேலே. ட்ரைகிளிசரைடு 8-இல் கொஞ்சம் ஏறி, 16-இல் உச்சிக்குப் போய், 24-இல் இறங்கிவிட்டது. "சர்க்கரை நோயில் வயது கூடக்கூட ரத்தக் கொழுப்பு ஏறுகிறது, பிறகு உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது" என்று எழுதலாம் என நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இன்னொன்று, எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தில் போட்டால் சில எலிக்கு மைனஸில் வருகிறது. அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 4, காலை 10:47

ஆட்சேபணை உண்டு. "பழகிக்கொள்கிறது" என்பதை முதல்ல அடிங்க. உங்க அட்டவணையில அதுக்கு ஒரு சாட்சியும் இல்லை.

நாலு விஷயம் தெரியாம மேல பேச முடியாது. எலி இனம் எது, பிகேஎஸ் பின்னணியா, சி57பிஎல்/6 (சுருக்கமா சி57) பின்னணியா? கன்ட்ரோல் எது? ரத்தம் எடுக்கும் முன்னாடி எத்தனை மணி நேரம் பட்டினி? 24 வாரத்துல எத்தனை எலி உயிரோட இருந்தது?

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 4, காலை 11:35

எல்டிஎல் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூஜ்யம் போடாதீர்கள், அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள். ஃப்ரீட்வால்ட் சூத்திரம் 1972-இல் மனித ப்ளாஸ்மாவுக்காக வந்தது: மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து ஹெச்டிஎல்லையும் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. அந்த ஐந்தில் ஒரு பங்கு மனிதனின் விஎல்டிஎல் துகளில் (கல்லீரல் ட்ரைகிளிசரைடை ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பும் துகள்) ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் இருக்கும் விகிதம். எலிக்கு அது பொருந்த ஒரு காரணமும் இல்லை.

எலியிடம் ஹெச்டிஎல்லில் இருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகளுக்கு மாற்றும் சிஇடிபி புரதம் கிடையாது. எலியின் கல்லீரல், துகளைக் கட்டும் புரதமான அப்போ-பி100-ஐ மட்டுமல்லாமல் அதன் குட்டை வடிவமான அப்போ-பி48-ஐயும் செய்கிறது, பி48 ஏறிய துகள்கள் ரத்தத்தில் இருந்து விரைவில் போய்விடும். ஆகவே சாதாரணத் தீனி தின்னும் சி57 எலியின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி ஹெச்டிஎல்லில்தான் இருக்கும். மொத்தம் 100 மி.லி.க்கு 90 மி.கி. என்று வைத்துக்கொண்டால், கழித்த பிறகு மிஞ்சுவது இரண்டு கிட்களின் பிழை அளவுக்குத்தான் இருக்கும். மைனஸ் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

டிபி/டிபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் ரத்தத்தில் அப்போ-இ புரதம் நிறைந்த பெரிய ஹெச்டிஎல் துகள் சேரும். அளவில் அது எல்டிஎல் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஹெப்பாரின்-மாங்கனீஸ் போட்டு வீழ்படிவு செய்யும் முறையில் அப்போ-இ ஹெப்பாரினைப் பிடித்துக்கொள்வதால் இந்த ஹெச்டிஎல்லும் சேர்ந்து அடியில் போய்விடும். பிறகு "நோயுற்ற எலியில் எல்டிஎல் இரட்டிப்பு" என்று தலைப்பு வரும். மனித ரத்தத்துக்குச் செய்த நேரடி எல்டிஎல் கிட்டிலும் இதே பயம்தான். சரியாகப் பிரிக்க வேண்டுமானால் சூப்பரோஸ் 6 பிரிப்புக் குழாயில் எஃப்பிஎல்சி (துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) ஓட்டி, ஒவ்வொரு பின்னத்திலும் கொலஸ்ட்ரால் பார்த்து, பக்கத்திலேயே அப்போ-ஏ1 (ஹெச்டிஎல்லின் புரதம்), அப்போ-பி இரண்டுக்கும் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அடையாளம் காணும் சோதனை) போடுங்கள்.

ஊதாமூடி · பிப்ரவரி 4, மாலை 6:20

பதில்கள்: பிகேஎஸ் பின்னணி, எல்லாம் ஆண் எலி. கன்ட்ரோல் அதே கூண்டில் பிறந்த ஒல்லி எலிகள், கறுப்பும் சாம்பலும் கலந்து. பட்டினி மாலை 5 முதல் மறுநாள் காலை 9 வரை. 8 வாரத்தில் 10 டிபி/டிபி, 24 வாரத்தில் 6.

பி-வேல்யூ · பிப்ரவரி 4, இரவு 8:03

பத்து ஆறாச்சா? அப்போ "பழகிக்கொண்டது" யாருன்னு தெரிஞ்சுபோச்சு. பழகாதவங்க செத்துட்டாங்க.

ஒரு கற்பனைக் கணக்கு. பத்து எலியில ஆறுக்கு ட்ரைகிளிசரைடு 150, நாலுக்கு 300. சராசரி 210. அந்த நாலும் போயிட்டா சராசரி 150. எந்த எலிக்கும் ஒரு மி.கி.கூடக் குறையலை, கோடு மட்டும் கீழே இறங்குது. அதே எலிகள்ல மூணு தடவை எடுத்ததுன்னா சராசரிக் கோட்டை மறந்துட்டு எலிக்கு ஒரு கோடு போட்டு வரைஞ்சு பாருங்க. செத்த எலியோட கோடு எந்த உயரத்துல அறுந்திருக்குன்னு கண்ணுக்கே தெரியும். வயசுக்கு வயசு வேற வேற எலியைக் கொன்னு எடுத்ததுன்னா அந்த வசதியும் போச்சு.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 5, காலை 7:15

பி-வேல்யூ சொன்னது பாதி. மீதி, பிகேஎஸ் பின்னணியில டிபி/டிபியோட வாழ்க்கையே ஒரு சரிவு. 10 முதல் 14 நாள்லயே இன்சுலின் ஏற ஆரம்பிக்கும். 3, 4 வாரத்துல உடம்பு பருமன் தெரியும். 4 முதல் 8 வாரத்துக்குள்ள சர்க்கரை ஏறும். அதுக்கப்புறம் கணையத்துல பீட்டா செல் தேய்ஞ்சு இன்சுலின் இறங்கும், உடம்பு வத்தும், 10 மாசம் தாண்டறது அரிது. இதே பிறழ்வை சி57பிஎல்/6 பின்னணியில வெச்சா கணையத் தீவுகள் பெருத்து ஈடு கொடுக்கும், சர்க்கரை அவ்வளவு மோசமாகாது. ஒரே ஜீன், ரெண்டு வேற நோய்.

அதனால உங்க 8 வார எலியும் 24 வார எலியும் ஒரே நோயோட இளசும் முதுசும் இல்லை. முதலாவது இன்சுலின் வழிஞ்சு ஓடுற எலி. ரெண்டாவது இன்சுலின் வத்திப்போன எலி. ரெண்டுலயும் ட்ரைகிளிசரைடு ஏறலாம், ஆனா காரணம் எதிரெதிர். தண்ணித் தொட்டி நிறைஞ்சிருந்தா குழாய் அதிகம் திறந்திருக்கா, போக்குக்குழாய் அடைச்சிருக்கான்னு மட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த மாதிரி.

முதல் கட்டத்துல குழாய். கல்லீரல்ல இன்சுலின் ரெண்டு வேலை செய்யுது: குளுக்கோஸ் உற்பத்தியை அடக்குறது, எஸ்ஆர்இபிபி-1சிங்கிற ஜீன் இயக்கி வழியா கொழுப்பு உற்பத்தியைத் தூண்டுறது. இன்சுலின் எதிர்ப்பு வந்த எலியில முதல் வேலை கெட்டுப்போகுது, ரெண்டாவது கெடாம ஓடுது. சர்க்கரையும் ஏறும், விஎல்டிஎல்லும் கொட்டும். எதிர்ச்சான்றும் உண்டு. கல்லீரல்ல மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கின எலியில ட்ரைகிளிசரைடு ஏறலை, குறைஞ்சுது. இன்சுலின் எதிர்ப்பே கொழுப்பை ஏத்துதுன்னு எழுதறவங்க இதைத் தாண்டி வந்தாகணும்.

கடைசிக் கட்டத்துல போக்குக்குழாய். கொழுப்புத் திசுவில லிப்போப்ரோட்டீன் லைப்பேஸ் நொதிக்கு இன்சுலின் வேணும். இன்சுலின் வத்தினா அது குறையும். இன்சுலின் அடக்கி வெச்சிருந்த அப்போ-சி3 புரதம் கல்லீரல்ல ஏறும், அது துகள்களைச் சீக்கிரம் போகவிடாது.

அதுக்கும் அப்புறம் எலி தின்கிறதே குறைஞ்சு எடை சரியும்போது ரெண்டும் படுத்துடும். 24 வாரத்துல எடை இறங்கியிருக்கா, பார்த்துச் சொல்லுங்க.

ஊதாமூடி · பிப்ரவரி 5, காலை 9:40

16 வாரத்தில் சராசரி 48 கிராம், 24-இல் 43. குளுக்கோமீட்டர் பாதி எலிகளுக்கு "ஹெச்ஐ" (அளவு மீறிவிட்டது) காட்டியது, அதை 600 என்று எழுதியிருக்கிறேன். இன்சுலின் அளக்கவில்லை.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 5, காலை 9:58

இன்சுலின் அளக்காம இந்த அட்டவணை எங்கேயும் போகாது. எலி இன்சுலின் எலைசாவுக்கு (எதிர்ப்புரதத்தால அளக்கிற கிட்) ஒரு குழிக்கு 5 மைக்ரோலிட்டர் போதும். ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கான்னு தேடுங்க. 8 வார ப்ளாஸ்மாவை நேரா போட்டா ஸ்டாண்டர்ட் கோட்டுக்கு மேல ஓடிடும், 1-க்கு 10, 1-க்கு 20 ரெண்டு நீர்ப்பும் வெச்சுக்குங்க. 24 வாரத்தை நீர்க்காம போடுங்க.

"ஹெச்ஐ"யை 600-னு எழுதறது அளவு இல்லை, கூரை. ப்ளாஸ்மாவை நீர்த்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட்ல போட்டாத்தான் எண் கிடைக்கும்.

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 5, பிற்பகல் 2:10

ட்ரைகிளிசரைடு எண்ணுக்கே வருகிறேன். எந்தக் கிட் என்பதைவிட, கிளிசரால் பிளாங்க் வைத்தீர்களா?

இந்தக் கிட்கள் ட்ரைகிளிசரைடை நேரடியாக அளப்பதில்லை. லைப்பேஸ் அதை உடைத்துக் கிளிசரால் ஆக்கும். கிளிசரால் கைனேஸ், பிறகு கிளிசரோபாஸ்பேட் ஆக்சிடேஸ், வரும் ஹைட்ரஜன் பெராக்சைடை பெராக்சிடேஸ் நிறமாக்கும். நிறம் சொல்வது மொத்தக் கிளிசராலை. ரத்தத்தில் ஏற்கெனவே திரியும் கிளிசராலும் அதில் சேர்ந்துவிடும். நலமான எலியில் இது சிறிய தொல்லை. இன்சுலின் வற்றிய எலியில் கொழுப்புத் திசு இரவும் பகலும் உடைந்துகொண்டிருக்கிறது, கிளிசரால் ரத்தத்தில் கொட்டுகிறது. 16 மணி நேரப் பட்டினி அதை இன்னும் கூட்டும். உங்கள் எண்களில் ட்ரைகிளிசரைடு எவ்வளவு, வெறும் கிளிசரால் எவ்வளவு என்று இப்போது பிரிக்க வழியில்லை.

செய்ய வேண்டியது: ஒரே மாதிரியை இரண்டு குழியில் போடுங்கள். ஒன்றில் லைப்பேஸ் இல்லாத வினைப்பொருள், மற்றதில் முழுக் கலவை. இரண்டையும் கழித்தால் உண்மையான ட்ரைகிளிசரைடு. லைப்பேஸைத் தனிக் குப்பியாகத் தரும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் ஒரே குப்பியில் கலந்து வரும் மருத்துவமனைக் கிட்டில் இதைச் செய்ய முடியாது.

பால் போல வெளுத்த ப்ளாஸ்மாவை நேராகப் போட்டால் கலங்கலே ஒளியைச் சிதறடித்துப் பொய் எண் தரும். சலைனில் 1-க்கு 5, 1-க்கு 10 என நீர்த்துப் போடுங்கள். இரண்டையும் பெருக்கிய பிறகு எண் ஒத்து வரவேண்டும். வராவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும். உறைந்த ப்ளாஸ்மாவை எடுத்தவுடன் சுழற்றிவிட்டு மேலிருந்து உறிஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு மேலேதான் மிதக்கும். எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

சிவந்துபோன மாதிரியைத் தூக்கிப் போடுங்கள். ஹீமோகுளோபின் இதே அலைநீளத்தில் தலையிடும்.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 5, பிற்பகல் 3:02

பட்டினி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். மாலை 5 முதல் காலை 9 வரைன்னா எலி சாப்பிடுற நேரம் முழுசையும் பிடுங்கிட்டீங்க. எலி தின்கிறது ராத்திரியில. நமக்கு ராத்திரிப் பட்டினி சாதாரணம், எலிக்கு அது பஞ்சம். சின்ன உடம்பு, வேகமான எரிப்பு, கல்லீரல் கிளைக்கோஜன் காலியாயிடும், கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவியும். ஒல்லி எலிக்குக் கையிருப்பு கொஞ்சம், டிபி/டிபிக்கு மலையளவு. ஒரே 16 மணி நேரம் ரெண்டுக்கும் ஒரே பட்டினி இல்லை. வித்தியாசம் நோயாலயா, கையிருப்பாலயா?

விளக்கு வந்ததும் காலை 7 மணிக்குத் தீனியை எடுங்க, பகல் 12 அல்லது 1 மணிக்கு ரத்தம் எடுங்க. 5, 6 மணி நேரம் போதும். எல்லா வயசுக்கும் அதே மணி. ஒரு நாள்ல 40 எலின்னா கடைசி எலிக்கு 3 மணி நேரம் கூடிடும், அதனால டிபி/டிபி, கன்ட்ரோல் மாத்தி மாத்தி எடுங்க, முதல்ல எல்லா நோய் எலியும் அப்புறம் எல்லா கன்ட்ரோலும்னு வேண்டாம்.

தீனியை எடுத்தா மட்டும் பட்டினி ஆகாது, கூண்டையே மாத்தணும். படுக்கையில உதிர்ந்த தீனித் தூள் கிடக்கும். மக்காச்சோளக் கட்டைப் படுக்கைன்னா அதையே கொறிக்கும். டிபி/டிபி கூண்டு மூத்திரத்துல ஊறிப்போயிருக்கும். படுக்கையை ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது மாத்தலைன்னா தோல் புண்ணாகி எடை சரியும், அந்தச் சரிவு உங்க 24 வார எண்ல வந்து உக்காந்துக்கும்.

பி-வேல்யூ · பிப்ரவரி 5, இரவு 9:25

நடுவுல ஒரு சந்தேகம். தலைப்புல "வயசு"ங்கறீங்க. 24 வாரம்னா அஞ்சரை மாசம். ஜாக்சன் ஆய்வகம் சி57 எலிக்குப் போடுற கணக்குப்படி 3 முதல் 6 மாசம்னா மனுஷனுக்கு 20 முதல் 30 வயசு. 18 முதல் 24 மாசம்தான் 56 முதல் 69. ஊதாமூடியோட "முதிய" எலி இன்னும் கல்யாணம்கூட ஆகாத பையன்.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 6, காலை 6:50

இந்த இழையில இதுவரைக்கும் வந்ததுல உருப்படியான கேள்வி அதுதான், கேலியா கேட்டிருந்தாலும்.

பிகேஎஸ் டிபி/டிபிக்கு முதுமையே கிடையாது. 10 மாசத்துக்குள்ள போயிடும். அதுல 8, 16, 24 வாரம்னு பார்க்கிறது நோய் எவ்வளவு நாளா இருக்குங்கிறதை. அதோட வளர்ச்சியும் கலந்திருக்கு. வயசு என்ன செய்யுதுன்னு அந்த எலிகிட்ட கேட்டா அதுக்குப் பதில் தெரியாது.

வயசு, நோயின் நீளம், நோயின் வேகம் மூணையும் பிரிக்கணும்னா வடிவமைப்பே வேற. சி57பிஎல்/6 ஆண் எலி, ஒரு கூட்டம் 3 மாசம், இன்னொரு கூட்டம் 18 மாசம். ரெண்டுலயும் பாதிக்குச் சர்க்கரையை வரவைங்க, பாதிக்கு வெறும் பஃபர். வந்த நாள்ல இருந்து சரியா 8 வாரம் கழிச்சு ரத்தம். இப்போ நோயின் நீளம் ஒண்ணு, வயசு வேற. இதுக்கு மேல 3 மாசத்துல வரவெச்சு 18 மாசம் வரைக்கும் இழுக்கிற கூட்டமும் வேணும்னா, இன்சுலின் வில்லையைத் தோலுக்கடியில வெச்சு உயிரோட காப்பாத்தணும். அப்போ கேள்வியே மாறிடும்.

இன்னொண்ணு. நோயில்லாத சி57 எலிக்கு வயசாகும்போது ரத்தக் கொழுப்பு மனுஷனைப் போல ஏறிக்கிட்டே போகாது. அதனால கன்ட்ரோல் கோடு கிட்டத்தட்ட தட்டையா இருந்தா பயப்படாதீங்க.

ஊதாமூடி · பிப்ரவரி 6, காலை 11:18

சர்க்கரையை வரவைக்க ஸ்ட்ரெப்டோசோடோசினா (பீட்டா செல்லைக் கொல்லும் மருந்து)? அளவு சொல்ல முடியுமா? வயதான எலிக்கும் அதே அளவா?

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 6, பிற்பகல் 12:40

குறைந்த அளவை ஐந்து நாள் தருவது: ஒரு கிலோவுக்கு 50 மி.கி., தொடர்ந்து 5 நாள், வயிற்றுக்குள் ஊசி, ஊசிக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் தீனி இல்லை. பிஹெச் 4.5 சிட்ரேட் பஃபரில் கரைக்க வேண்டும். மி.லி.க்கு 5 மி.கி. கரைசல் என்றால் எலியின் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர், 25 கிராம் எலிக்கு 250. கணக்கு தப்பாது.

கெடுவது எங்கே என்றால், பிஹெச்சும் நேரமும். கரைத்த பதினைந்து நிமிடத்துக்குள் ஊசி முடிய வேண்டும். பொடியைத் தனித்தனிக் குழாயில் முன்பே எடை போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு எலிக்கு ஒரு குழாய் என்று அப்போதைக்கு அப்போது கரையுங்கள், வெளிச்சம் படாமல். முதல் எலிக்கு நோய் வந்து கடைசி எலிக்கு வராமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெண் எலிக்கு எளிதில் வராது.

18 மாத எலிக்கு அதே அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடையில் கொழுப்பின் பங்கு கூடியிருக்கும், மருந்தோ கிலோ கணக்கில் போகிறது. சிறுநீரகத்துக்கும் இந்த மருந்து நஞ்சு. நான்கைந்து எலியில் முன்னோட்டம் பார்த்து, இரண்டு வயதிலும் ஒரே அளவு குளுக்கோஸ் வருகிற டோஸைத் தேடுங்கள். குளுக்கோஸ் ஒக்காமல் கொழுப்பை ஒப்பிட்டால் பயனில்லை.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 6, பிற்பகல் 1:05

மைக்ரோலிட்டர் சொன்னதோட சேர்த்து: இந்த மருந்து டிஎன்ஏவை ஆல்கைலேற்றம் செய்யும், மாசக்கணக்குல வளர்த்தா கட்டி வரலாம். நீண்ட நாள் ஆய்வுக்கு அகிதா எலி நல்லது. இன்சுலின்-2 ஜீன்ல 96-ஆவது சிஸ்டீன் டைரோசினா மாறினது. புரதம் தப்பா மடிஞ்சு பீட்டா செல்லைக் கெடுக்கும். ஊசியே வேண்டாம், ஆண் எலிக்கு 4 வாரம் வாக்குல சர்க்கரை ஏறிடும். ஆனா அதுவும் சீக்கிரம் சாகும், இளசுலயே நோய் வந்துடும். முதுமையில தொடங்குற நோய்க்கு அது உதவாது.

ரெண்டுலயும் ட்ரைகிளிசரைடு மலை மாதிரி ஏறும்னு எதிர்பார்க்காதீங்க. சாதாரணத் தீனி தின்கிற சாதாரண சி57 எலி துகள்களை அவ்வளவு வேகமா துடைச்செடுக்குது, இன்சுலின் இல்லைன்னாலும் மிதமாத்தான் ஏறும். எல்டிஎல் ஏற்பி இல்லாத எலியில அதே நோயை வரவெச்சா நல்லா ஏறும். ஆனா அங்கே வேற தொல்லை. ரத்தக்குழாய்ப் படிவு கூடினது சர்க்கரையாலயா, கூடின கொழுப்பாலயான்னு பிரிக்க முடியாது.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 6, இரவு 10:30

கொலஸ்ட்ராலை மறந்தே போனோம். ஊதாமூடியோட டிபி/டிபி மூணு வயசுலயும் கொலஸ்ட்ரால் மேல. அதைச் சர்க்கரை நோய் கணக்குல எழுதறதுதான் பெரிய அபாயம்.

டிபி பிறழ்வு, பசியை அடக்குற லெப்டின் ஹார்மோனோட ஏற்பியில. 1966-ல பார் ஹார்பர்ல ஜாக்சன் ஆய்வகத்துல கண்டுபிடிச்சது, ஜீன் எதுன்னு தெரிஞ்சது 1996-ல. லெப்டினே இல்லாத ஓபி/ஓபி எலியிலயும் ஹெச்டிஎல் ஏறித்தான் இருக்கும், கல்லீரல் அதை ஒழுங்கா எடுத்து அழிக்கறதில்லை. சிறு அளவு லெப்டின் கொடுத்தாலே இறங்குது. டிபி/டிபியில லெப்டின் வேண்டிய மட்டும் இருக்கு, கேட்க ஆள் இல்லை. ஜாக்சன் ஆய்வகத்துக் கோல்மன் ரத்தம் கலக்கற மாதிரி ரெண்டு எலியை ஒட்டித் தைச்சபோது டிபி/டிபியோட சேர்ந்த சாதாரண எலி சாப்பிடாமலே செத்தது அதனாலதான். ஆக உங்க எலியோட கூடுதல் கொலஸ்ட்ரால்ல ஒரு பெரிய பங்கு ஹெச்டிஎல்லா இருக்கும், அது லெப்டின் கதை. 8 வாரத்துல இருந்தே இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.

பி-வேல்யூ · பிப்ரவரி 6, இரவு 10:41

சர்க்கரை வந்த எலிக்கு "நல்ல கொலஸ்ட்ரால்" ஏறுது. இதைக் குடும்ப வாட்ஸாப் குழுவுல போட்டா என்ன ஆகும்னு யோசிச்சேன். போடலை.

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 7, காலை 8:30

கன்ட்ரோலில் சாம்பல் எலியும் இருக்கிறது என்றாரே, அதை யாரும் தொடவில்லை. சாம்பல் நிறம் மிஸ்டி (எம்) பிறழ்வு. டிபி ஜீனுக்குப் பக்கத்தில், அதே 4-ஆம் குரோமோசோமில் இருப்பதால் அடையாளத்துக்காக வைத்திருக்கிறார்கள்: கறுத்துப் பருத்தது டிபி/டிபி, கறுத்து ஒல்லி டிபி/எம், சாம்பல் ஒல்லி எம்/எம். மிஸ்டி என்பது டாக்7 ஜீனின் பிறழ்வு. மிஸ்டி எலிக்குக் கொழுப்புத் திசுவும் வளர்ச்சியும் இயல்பாக இருப்பதில்லை. ரத்தக் கொழுப்புக்குக் கன்ட்ரோலாக அதை வைக்காதீர்கள், டிபி/எம் மட்டும் போதும்.

டாக்7 ஜீனின் ஒரு இன்ட்ரானுக்குள்தான் (புரதமாகாத இடைப்பகுதி) ஆங்ஜிபிடிஎல்3 ஜீன் உட்கார்ந்திருக்கிறது. ட்ரைகிளிசரைடை உடைக்கும் லைப்பேஸை அடக்கும் புரதம் அது. மிஸ்டி அதைத் தொடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொழுப்பு ஆய்வில் அந்த வட்டாரத்தில் கலப்புக் கன்ட்ரோல் வைக்க எனக்கு மனம் வராது.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 7, காலை 9:12

ஆங்ஜிபிடிஎல்3 பேச்சு எடுத்துட்டீங்க, விட மாட்டேன்.

ஜப்பான்ல கேகே எலின்னு ஒரு வகை: குண்டு, சர்க்கரை, இன்சுலின் ஏறினது, ரத்தக் கொழுப்பும் ஏறினது. அதுல கேகே/சான் கிளைக்கு மட்டும் குண்டும் சர்க்கரையும் அப்படியே இருக்க, ட்ரைகிளிசரைடு இறங்கியிருந்தது. விட்டுத் தள்ளாம தோண்டினாங்க. 2002-ல காரணம் வந்தது: ஆங்ஜிபிடிஎல்3 ஜீன் கெட்டிருந்தது. அந்தப் புரதத்தைப் பிடிக்கிற எவினாக்குமாப் மருந்துக்கு 2021-ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது, பரம்பரையா கொலஸ்ட்ரால் மிக அதிகமா உள்ளவங்களுக்கு.

கேகே/சான் சொல்ற சேதி இந்த இழைக்கு நேரடியா பொருந்தும். சர்க்கரை, பருமன், இன்சுலின் எல்லாம் இருந்தும் துடைக்கிற பக்கம் திறந்திருந்தா ட்ரைகிளிசரைடு ஏறாது. ரத்த அளவைவிட ரெண்டு வேகத்தையும் தனித்தனியா அளக்கணும்னு நான் நச்சரிக்கிறது இதனாலதான்.

ஊதாமூடி · பிப்ரவரி 7, பகல் 12:25

சரி, எப்படி அளப்பது? செய்முறை வேண்டும்.

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 7, மாலை 4:45

சுரக்கும் வேகம்: 4 மணி நேரப் பட்டினி, குடலில் இருந்து கைலோமைக்ரான் (உணவுக் கொழுப்பைச் சுமக்கும் துகள்) வராமல் இருக்க. பூஜ்ய நேர ரத்தம் எடுத்துவிட்டு பொலாக்ஸமர் 407, கிலோவுக்கு 1 கிராம், வயிற்றுக்குள். அது துகள்களை உடைக்கும் வழியை அடைத்துவிடும். பிறகு 1, 2, 4 மணிக்கு வால் நுனியில் 20 முதல் 30 மைக்ரோலிட்டர். கோடு நேராக ஏற வேண்டும். சாய்வுதான் கல்லீரல் கொட்டும் வேகம். 4 மணியில் கோடு வளைந்தால் டோஸ் போதவில்லை என்று பொருள்.

பொலாக்ஸமர் குளிரில் கரையும், சூட்டில் கெட்டியாகும். சூடாக்கிக் கரைக்கப் பார்ப்பவர்கள் ஜெல்லியைத்தான் பார்ப்பார்கள். முதல் நாள் இரவே பனிக்கட்டியில், 4 டிகிரியில் கலக்க விடுங்கள், ஊசி போடும்வரை பனிக்கட்டியிலேயே இருக்கட்டும்.

48 கிராம் டிபி/டிபியையும் 28 கிராம் கன்ட்ரோலையும் 100 மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று ஒப்பிட்டால் ஏமாறலாம். ப்ளாஸ்மாவின் கன அளவு எடைக்கு நேர் விகிதத்தில் கூடாது. ஒரு எலிக்கு மணிக்கு எவ்வளவு என்றும் கணக்குப் போட்டு, இரண்டையும் வெளியிடுங்கள்.

துடைக்கும் வேகம்: 4 மணி நேரப் பட்டினிக்குப் பின் ஆலிவ் எண்ணெய், கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர், வாய்க்குழாயில். 0, 1, 2, 4 மணி. இதில் வயிறு காலியாகும் வேகமும் கலக்கும், நாள்பட்ட சர்க்கரை எலியில் வயிறு மெதுவாகலாம். அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சோதனையையும் ஒரே வாரத்தில் ஒரே எலிக்குச் செய்யாதீர்கள். 25 கிராம் எலியின் மொத்த ரத்தம் சுமார் 1.8 மி.லி. ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம்.

பி-வேல்யூ · பிப்ரவரி 7, மாலை 5:30

புள்ளியியல் பங்குக்கு: ட்ரைகிளிசரைடை லாக் எடுத்துட்டுப் போடுங்க, வால் நீளமா இருக்கும். மாடல்ல எலியும் கூண்டும் ரெண்டும் ராண்டம் எஃபெக்ட். எந்த எலி எப்போ எதனால செத்ததுன்னு ஒரு பத்தி. சாகறதுக்கு முந்தின எடை, குளுக்கோஸ், ட்ரைகிளிசரைடு மூணையும் அதுல போடுங்க. அந்தப் பத்தி இல்லாத அட்டவணையை நான் படிக்கிறதில்லை.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 8, காலை 7:40

அறை வெப்பநிலையையும் எழுதுங்க. 22 டிகிரி நமக்கு சுகம், எலிக்குக் குளிர். எலிக்கு இதமானது 30 வாக்குல. குளிர்ல பழுப்புக் கொழுப்புத் திசு ட்ரைகிளிசரைடை ரத்தத்துல இருந்து இழுத்து எரிக்கும், ஹாம்பர்க் குழு 2011-ல காட்டினது. டிபி/டிபிக்கு அந்த வெப்ப உற்பத்தியே குறைச்சல். அப்போ 22 டிகிரியில நீங்க பார்க்கிற இடைவெளியில ஒரு பகுதி, கன்ட்ரோல் எலி குளிருக்கு எரிச்சதால வந்தது. கூண்டுக்கு எத்தனை எலின்னும் எழுதுங்க. ஒண்டியா கிடக்கிற எலிக்கு இன்னும் குளிரும். கூட்டாளி செத்துப்போய் 24 வாரத்துல ஒண்டியா மிஞ்சின எலி இருந்தா அதைத் தனியா குறிங்க.

ஊதாமூடி · பிப்ரவரி 8, காலை 10:05

ஃப்ரீசரைப் பார்த்தேன். மைனஸ் 80-இல் 8 வாரத்துக்கு 40 முதல் 60 மைக்ரோலிட்டர், 24-க்கும் அப்படியே. 16 வாரக் குழாய்களில் 20 முதல் 25தான். எதற்குச் செலவழிப்பது?

மைக்ரோலிட்டர் · பிப்ரவரி 8, காலை 10:50

எஃப்பிஎல்சியை மறந்துவிடுங்கள், ஒரு ஓட்டத்துக்கு 100 முதல் 200 வேண்டும், உருகி உறைந்த ப்ளாஸ்மாவில் விஎல்டிஎல் வடிவமும் நம்பகமில்லை. ஒரே தடவை உருக்குங்கள். 16 வாரத்தில் இன்சுலின் எலைசா ஒரே குழியாக 5, கிளிசராலுக்கு 3, ட்ரைகிளிசரைடுக்கு 3, இவற்றை இரட்டைக் குழியாக. மொத்தம் 17. மீதி பைப்பட் நுனிக்கே போய்விடும். கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அளந்தது போதும். 8, 24 வாரக் குழாய்களில் இன்சுலினையும் இரட்டைக் குழியாகப் போட்டு, மிச்சத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். மூன்று வயதும் ஒரே தட்டில், ஒரே நாளில். சாம்பல் எலிகளை உருக்கவே வேண்டாம்.

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 8, காலை 11:20

அதே வரிசைதான் என்னோடதும். எண் வந்ததும் எலி வாரியா ரெண்டு அச்சுல போடுங்க: கிடையா இன்சுலின், செங்குத்தா கிளிசரால் கழிச்ச ட்ரைகிளிசரைடு. வயசை நிறத்துல காட்டுங்க. 16 வாரத்துல இன்சுலின் மேலயா கீழயான்னு தெரிஞ்சா உங்க உச்சி எதனாலன்னு பாதி தெரிஞ்சுடும். தலைப்புல இருந்து "வயசானா"வை எடுத்துட்டு "நோயின் 8 முதல் 24 வாரம் வரை"னு போட்டுக்குங்க.

ஊதாமூடி · பிப்ரவரி 8, காலை 11:31

8-ஆம் வாரம் என்பது எலியின் வயது. நோயின் வாரம் இல்லையே?

கூண்டுச்சீட்டு · பிப்ரவரி 8, காலை 11:34

சரியான பிடி. "பிகேஎஸ் டிபி/டிபி ஆண் எலி, 8 முதல் 24 வார வயது"ன்னே இருக்கட்டும். நோய் தொடங்கின வாரத்தை எலிக்கு எலி தனியா குறிங்க, வாராவாரம் குளுக்கோஸ் எடுத்த தாள் இருக்குமே.